1,700 ரூபாய் இயர்போனுக்குள் ஒரு நூறு வருடக் கதை

எனக்கு வர்ற மெசேஜ்கள்ல பாதி ஒரே கேள்விதான்: "ப்ரோ, ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல இயர்போன் ஒண்ணு சொல்லுங்க." ஒரு மாடல் பேரைச் சொல்லி முடிச்சிடலாம். ஆனா ஆறு மாசத்துல அந்த மாடல் கடையில இருக்காது. அதனால இந்த எபிசோட்ல பேரைச் சொல்லப் போறதில்லை, கதையைச் சொல்லப் போறேன். கதை தெரிஞ்சிட்டா நீங்களே பாத்து வாங்கிக்கலாம்.

முதல்ல என் முட்டாள்தனத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். இந்த பாட்காஸ்ட் தொடங்கின புதுசுல, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு 9,000 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கினேன். அதுல கேட்டுத்தான் எடிட்டிங் முழுக்க. என் குரல் ரொம்பக் கனமா, குடத்துக்குள்ள பேசற மாதிரி கேட்டுச்சு. சரி, பேஸ் அதிகமா இருக்குன்னு ஈக்வலைசர்ல வெட்டினேன். எபிசோட் கேட்டவங்க எல்லாரும், "என்னய்யா, தகர டப்பாவுல இருந்து பேசற மாதிரி இருக்கு"ன்னாங்க. மைக்கைக் குறை சொன்னேன். மைக்கையும் மாத்தினேன். அப்பவும் அதே புகார்.

கடைசியில ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பன் தன்னோட ஒயர் இயர்போனைக் குடுத்தான். விலை 1,700 ரூபாய். அதுல கேட்டதும்தான் விஷயம் புரிந்தது. என் ஹெட்செட், தன் வழியாகப் போகிற எல்லா ஒலிக்கும் பேஸைத் தானாகவே கூட்டிக் கொடுக்கிறது. அது கூட்டினதை நான் என் குரலில் இருந்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், கோடில் பக் இல்லை. கோடைக் காட்டுகிற மானிட்டரில்தான் பக்.

9,000 ரூபாய் சாமான் மறைத்ததை 1,700 ரூபாய் சாமான் எப்படிக் காட்டியது? அதைத் தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

சமையலறையில் செய்த ஹெட்போன்

1910. அமெரிக்காவின் யூட்டா மாநிலம். நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் கையாலேயே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்புகிறார். ரேடியோவில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் இன்னும் புழக்கத்துக்கு வராத காலம். ஏரியலில் வந்து விழுகிற துளி மின்சாரமே காதில் சத்தமாக மாற வேண்டும். கடற்படை சோதித்துப் பார்த்தது. ஏற்கெனவே கையில் இருந்ததைவிட இது நன்றாகக் கேட்டது. ஆர்டர் கொடுத்தார்கள்.

அதற்குள் இருந்த சூட்சுமம் என்னன்னா, ஒரு மெல்லிய இரும்புத் தகடு, அதன் இரண்டு பக்கமும் காந்தம். இரண்டும் சமமாக இழுப்பதால் தகடு நடுவில் நிற்கும். தகட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் கொஞ்சம் மாறினாலும் ஒரு பக்கம் சாயும். தட்டு இரண்டும் சமமா நிக்கிற நகைக்கடைத் தராசுல ஒரு குண்டுமணி போட்டாலும் சாயும் இல்லையா, அதே மாதிரி. அந்த அசைவு ஒரு சின்னக் கம்பி வழியாக ஒரு மைக்கா சவ்வுக்குப் போய் ஒலியாகிறது. இதற்குப் பெயர் பேலன்ஸ்டு ஆர்மேச்சர்.

இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வரும்.

அப்பாவோட காது மிஷின்

தலையில் மாட்டும் ஹெட்போன்கள் பின்னாளில் வேறு வழிக்குப் போய்விட்டன. ஸ்பீக்கரில் இருக்கிற மாதிரியே காந்தமும் சுருளும் கூம்பும் கொண்ட டைனமிக் ட்ரைவர்தான் அங்கே நிலைத்தது. பேலன்ஸ்டு ஆர்மேச்சருக்கு வேறொரு இடம் கிடைத்தது: காது கேளாதவர்களின் காது மிஷின். மின்சாரம் கொஞ்சமாகத் தின்னும், சத்தம் நிறையத் தரும், ரொம்பச் சின்னதாகவும் செய்யலாம். 1946-ல் ஹ்யூ நோல்ஸ் தொடங்கிய நோல்ஸ் நிறுவனம், இதை அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரியது என்கிற அளவுக்குச் சுருக்கியது.

என் அப்பா காதில் இருப்பதும் அதுதான். எங்க ஊர் சோமனூர்ப் பக்கம். விசைத்தறி ஊர். அப்பா முப்பது வருஷம் தறிக்குடோனில் நின்றவர். ஓடுகிற தறிகளுக்கு நடுவில் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். அங்கே யாரும் காதில் எதுவும் வைத்துக்கொண்டதில்லை. இப்போது மிஷின் இல்லாவிட்டால் யாரோ பேசுவது அவருக்குத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. உயிரெழுத்து காதில் விழும், 'ச'வும் 'த'வும் விழாது.

அது ஏன் அப்படி என்பதற்கும் நல்ல இயர்போன் எது என்பதற்கும் காரணம் ஒன்றேதான். நம் காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனையில் செவிப்பறை. புல்லாங்குழலுக்கு ஒரு சுருதி இருப்பது போல இந்தக் குழாய்க்கும் ஒன்று உண்டு. 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கும். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் பெரிய சத்தத்தையும் அதே குழாய்தான் பெருக்குகிறது. அதனால் இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் அடி விழுவது இதற்குக் கொஞ்சம் மேலே, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்.

1991: காதுக்கு உண்மையாக

நோல்ஸில் பல வருடம் வேலை பார்த்த மீட் கில்லியன் என்ற ஆய்வாளர் 1983-ல் எட்டிமோடிக் ரிசர்ச் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். பெயருக்கு 'காதுக்கு உண்மையானது' என்று பொருள். செவித்திறன் சோதனைக்குக் காதுக்குள் பொருத்தும் கருவிகள்தான் ஆரம்ப வேலை. 1988-ல் இசைக்கலைஞர்களுக்காக ஒரு காது அடைப்பான் கொண்டு வந்தார்கள். எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைப்பதுதான் அதன் சிறப்பு. இசை மாறாது, சத்தம் மட்டும் குறையும்.

1991-ல் வந்தது இஆர்-4. காதை நன்றாக அடைத்துக்கொண்டு உட்காரும் முதல் ஹை-ஃபை இயர்போன் என்று அதைச் சொல்வார்கள். கில்லியனுக்குத் தெரிந்த ரகசியம் எளிமையானது. காதுத் துளையை அடைத்த உடனே அந்தக் குழாயின் இயல்பான பெருக்கம் போய்விடும். 3,000 ஹெர்ட்ஸில் இழந்ததை இயர்போனே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குரல் மந்தமாக இருக்கும். அதிகமாகக் கொடுத்தால் காது கூசும். உள்ளே இருந்த ட்ரைவர் எதுன்னு நினைக்கிறீங்க? அதே பேலன்ஸ்டு ஆர்மேச்சர்தான்.

விலை 300 டாலருக்கு மேல். ரூபாயின் மதிப்பை அரசு குறைத்த வருஷம் அது. நம் கணக்கில் 7,500 ரூபாய்க்கு மேல். நம்மில் யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம்.

அடுத்தது மேடை. 1995-ல் வான் ஹேலன் இசைக்குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, ட்ரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காது அச்செடுத்து ஒரு இயர்போன் செய்தார். ட்ரம்ஸ் சத்தத்தைத் தாண்டித் தன் வாசிப்பு கேட்க வேண்டும் என்று மேடையில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டே போனால் காது என்ன ஆகும்? காதை அடைத்து, வெளிச்சத்தத்தைக் குறைத்து, தேவையானதை மட்டும் மெதுவாகக் கொடுப்பதுதான் வழி. அதில் இருந்து பிறந்ததுதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம். இன்-இயர் மானிட்டர் என்ற பெயரும் மேடையின் பெயர்தான்.

விலையை உடைத்தது எது?

2001-ல் ஐபாட் வந்தது. இயர்போன் எல்லார் காதுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த வெள்ளை இயர்பட் காதின் வாசலில் தொங்குமே தவிர உள்ளே அடைக்காது. பஸ் சத்தம் உள்ளே வரும், நாம் வால்யூமை ஏற்றுவோம்.

நல்ல ஒலி மட்டும் பணக்காரர் பொருளாகவே இருந்தது. பாகம் விலை அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எது நல்ல ஒலி என்பது சில நிறுவனங்களின் சமையல் குறிப்பாக இருந்ததுதான். கடைக்காரர் சொல்வதையும் பெட்டியில் போட்டிருப்பதையும் நம்புவது தவிர நமக்கு வேறு வழி இல்லை.

மூன்று விஷயங்கள் அதை மாற்றின. ஒன்று, செயற்கைக் காது. இயர்போனை மாட்டி அளப்பதற்கு, மனிதக் காதுத் துளை போலவே நடந்துகொள்ளும் உலோகக் குழல். இதற்கான சர்வதேசத் தரம் 1981-லேயே வந்தது. எண் 711 என்பதால் இன்றைக்கும் அதை '711 கப்ளர்' என்கிறார்கள். அசல் கருவி ஆய்வகங்களுக்கே கட்டுப்படியாகும் விலை. பிறகு சீனாவில் மலிவான நகல்கள் வர, வீட்டு மேசையில் வைத்து அளக்க முடிந்தது.

இரண்டு, இலக்கு. ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர், எந்த மாடல் என்று தெரியாமலேயே கேட்க வைத்து, பெரும்பாலானவர்களுக்கு எந்த ஒலிச் சமநிலை பிடிக்கிறது என்று சோதித்தார்கள். அதை வரைபடமாகவும் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். 2017-ல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்துப் பார்த்து, அதிர்வெண் வரைபடத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று எழுதினார். என் 9,000 ரூபாய்க்குப் பதில் அந்த ஒரே வரியில் இருந்தது!

மூன்று, அளந்ததைப் பொதுவில் வைத்தவர்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த கிரினக்கிள் என்ற விமர்சகர் நூற்றுக்கணக்கான இயர்போன்களை ஒரே முறையில் அளந்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒப்பிடும்படி வரைபடங்களை வெளியிட்டார். இனிமேல் 'சூப்பர் பேஸ்' என்று பெட்டியில் போட்டு ஏமாற்ற முடியாது. வரைபடம் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த மூன்றையும் சரியாகப் பிடித்துக்கொண்டவை சீன நிறுவனங்கள். இலக்கு தெரியும், அளக்கவும் தெரியும், தொழிற்சாலை பக்கத்துத் தெருவில். 2022-ல் மூன்ட்ராப் நிறுவனத்தின் சூ, 7ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் சால்நோட்ஸ் ஸீரோ என்ற இரண்டு மாடல்களும் 20 டாலர் விலையில் வந்தன. உள்ளே ஒரே ஒரு டைனமிக் ட்ரைவர்தான். 300 டாலருக்கு மேல் கேட்ட அதே நியாயமான குரல், 20 டாலரில். அறிவு மூடிக் கிடந்தபோது இருந்த விலை, அது திறந்ததும் விழுந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஓப்பன் சோர்ஸ் செய்த வேலையை இங்கே ஒரு வரைபடம் செய்திருக்கிறது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

கதைக்குள்ளேயே பதில் இருக்கு. ட்ரைவர் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும், பத்து இருந்தும் பாழாகலாம். 'ஹை-ரெஸ்' ஸ்டிக்கரையும் நம்பாதீங்க. இயர்போன் 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்கிற முத்திரை அது. மனிதக் காது 20,000-த்தோடு நின்றுவிடும்.

அளவு வரைபடம் வெளியாகியிருக்கான்னு பாருங்க. 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கணும். அதுதான் உங்க காதுக் குழாய் இழந்ததைத் திருப்பித் தர்ற மேடு. பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம், ஆனா குரல் இருக்கிற இடத்துல வந்து வழியக் கூடாது. இந்த விலையில முடிஞ்சவரை ஒயர் உள்ளதையே எடுங்க. ப்ளூடூத்ல நீங்க குடுக்கிற காசுல ஒரு பகுதி பேட்டரிக்கும் சிப்புக்கும் போயிடும், ரெண்டு மூணு வருஷத்துல அந்த பேட்டரியும் போயிடும். ஒயரைக் கழற்றி மாத்துற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

எல்லாத்துக்கும் மேல, கூட வர்ற ரப்பர் முனைகள். மூணு சைஸ் தருவாங்க, நாம முதல்ல மாட்டியிருக்கிறதையே கடைசி வரைக்கும் போட்டுட்டிருப்போம். காது சரியா அடைபடலைன்னா பேஸ் மொத்தமா காணாமப் போயிடும். எத்தனை காசு குடுத்து வாங்கினாலும் அது வராது. மூணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. இடது காதுக்கு ஒரு சைஸ், வலதுக்கு வேற சைஸ் ஆனாலும் தப்பில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ இந்த இயர்போனை அப்பாகிட்ட காட்டினேன். வெறும் 1,700 ரூபாய்தான், அவ்வளவு துல்லியம்னு பெருமையா சொன்னேன். அவர் விலையைக் கேட்கல. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எம்புட்டு சத்தம் வெக்கும் சாமி?"ன்னு கேட்டார். எவ்வளவு வேணும்னாலும் வைக்கும்னு சொன்னேன். "அப்ப நீதான் பாத்து வெச்சுக்கோணும்"னார்.

அதுக்கப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்கள் 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடிட்டிங், ஆபீஸ், பஸ் எல்லாம் சேர்த்தால் என் நேரம் கிட்டத்தட்ட அவ்வளவு. பழைய ஹெட்செட்டில் பஸ்ஸில் போகும்போது வால்யூம் முக்கால்வாசிக்கு மேலே இருக்கும். காதை அடைக்கிற இந்த இயர்போனில் பாதிக்குக் கீழேயே எல்லாம் கேட்கிறது. ரோட்டைக் கடக்கும்போது மட்டும் கழற்றிடுங்க, ஹார்னும் கேட்காது.

மலிவா கிடைச்ச இந்தத் துல்லியத்தால எனக்கு ஆன பெரிய லாபம் இதுதான். நல்லா கேட்கிறதுக்காக சத்தமா கேட்க வேண்டியதில்லை. தறிச் சத்தத்தைக் குறைக்கிற பட்டன் அப்பா கையில இல்லை. என் கையில இருக்கு. இந்த எபிசோடை இப்போ இயர்போன்ல கேட்டுட்டிருக்கீங்கன்னா, ரெண்டு புள்ளி குறைச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.