நிலாவாரையும் நான் காத்திருந்த பதினஞ்சு நாளும்



போன வாரம் சென்னையிலேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணார். மலச்சிக்கல் மாத்திரை டப்பாவுல "சென்னா"ன்னு போட்டிருக்கே, அது நம்ம ஊர்ச் செடியான்னு கேட்டார். பூர்வீகம் அரபு நாட்டுப் பக்கம். ஆனா உலகச் சந்தையில அதுக்குப் பேரு திருநெல்வேலி சென்னா. நாம சொல்றது நிலாவாரை. சித்த வைத்தியத்துல நிலவாகைன்னும் சொல்வாங்க. வரப்புல மஞ்சளாப் பூக்குதே ஆவாரை, அதுக்குச் சொந்தக்காரச் செடி.

19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஹியூஸ்னு ஒரு வெள்ளைக்காரர் திருநெல்வேலிச் சீமையில இதைப் பயிர் வெச்சார். அதுக்கு முன்ன ஐரோப்பாவுல பேர் வாங்கினது எகிப்து வழியாப் போன அலெக்சாண்டிரியா சென்னா. அது பெரும்பாலும் காட்டுச் செடியில பறிச்ச இலை. நம்மது விதைச்சு வளர்த்து, கையால பறிச்சு, காயவெச்சு தூத்துக்குடியில கப்பலேறின இலை.

அந்தப் பக்கத்து சம்சாரிங்க நாள் பாக்கறது கண்ணாலதான். விதைச்சு ரெண்டு மூணு மாசத்துல இலை தடிச்சு, லேசா நீலம் பாய்ஞ்ச பச்சையா நிக்கும். அப்ப முதல் பறிப்பு, பிறகு மாசம் ஒரு தடவை. பூங்கொத்து தலை காட்டினா கிள்ளிடணும். பறிச்சதை நிழல்ல ஒரு வாரம், பத்து நாள் பரப்பி வைக்கணும்.

இலைக்குள்ள வேலை செய்யற சென்னோசைடை சுவிட்சர்லாந்துல ஆர்தர் ஸ்டோல் பிரிச்சு எடுத்தது 1941-லதான். அப்புறம் அளந்து பாத்தா, இலை முத்த முத்த சரக்கு குறையுது. எனக்கே ஆச்சரியமான சங்கதி இன்னொண்ணு: பச்சை இலையில சென்னோசைடு கொஞ்சம்தான், மெதுவாக் காயும்போதுதான் பெரும்பாகம் உண்டாகுது. ரொம்பச் சூட்டுல காயவெச்சா அது நடக்காது. ஐரோப்பிய மருந்து நூல் ரொம்ப காலமா கேட்ட அளவு 2.5 சதவீதம்.

இதெல்லாம் தெரியாமத்தான் நான் கைய சுட்டுக்கிட்டேன். எங்க அத்திப்பட்டுல தண்ணி நிக்கற நிலம்தான் அதிகம், அதுல இந்தச் செடி அழுகிடும். அதனால மேட்டு மணல்ல பத்து சென்ட் மட்டும் போட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. பறிக்க வேண்டிய நேரத்துல, இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும்னு பதினஞ்சு நாள் விட்டுட்டேன். நெல்லு அறுத்த புத்தி! பூத்துக் காய் வந்து, அடி இலை மஞ்சளாயிடுச்சு. வாங்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பாத்தார், காயை மட்டும் எடுத்துக்கிட்டார். காயும் மருந்துதான். இலை மூட்டை திண்ணையிலயே கெடந்துச்சு.

"நெல்லு முத்தணும், கீரை முத்தலாமா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

இந்தத் தையில மறுபடி விதைச்சிருக்கேன். காலண்டர்ல ஒரு தேதிக்கு வட்டம் போட்டிருக்கு. ஆனாலும் அவங்க அதை நம்பல; தினம் காலையில போய் மொட்டு விட்டிருக்கான்னு பாத்துட்டு வராங்க.