ஜாவா கிராமம்: நிலமும் உடைமையும்

ஜாவா கிராமம் (தேசா) என்பது இந்தோனேசியாவின் ஜாவா தீவில், குறிப்பாக ஜாவானிய மொழி பேசும் நடு, கிழக்குப் பகுதிகளில், நெல் வேளாண்மையை நம்பி வாழும் சிற்றூர். தீவின் மேற்கிலுள்ள சுண்டா மக்களின் ஊர்கள் பல வகைகளில் வேறுபட்டவை. அவை இங்கே பேசப்படவில்லை. எரிமலைச் சாம்பல் ஊட்டிய மண்ணும் வற்றாத ஆறுகளும் உள்ள இடம் இது. நீர் உள்ள வயலில் இரண்டு போகம், சில இடங்களில் மூன்று போகம்கூட விளையும். இவ்வளவு விளையும் ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அரை ஹெக்டேர் நிலம்கூட இல்லை. இதற்கு மக்கள்தொகையை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். இங்கே நிலத்தின் மீதான உரிமை எந்தக் காலத்திலும் தனியாக நின்றதில்லை. வரி, ஊழியம், காவல் என ஏதோ ஒரு சுமை அதனோடு சேர்ந்தே வந்தது. அந்தச் சுமையை யார் யார் தலையில் ஏற்றினார்கள் என்பதுதான் இந்த ஊர்களின் சொத்து வரலாறு.

வயலும் மனையும்

ஊரின் நிலம் மூன்று வகை. வரப்பு கட்டி நீர் தேக்கும் நன்செய் சாவாஹ். மழையை நம்பிய புன்செய் தெகால். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம் பெகரங்கன். வெளியூரார் கண்ணில் முதலில் படுவது வயல். ஆனால் ஏழைக் குடும்பத்தைப் பஞ்ச மாதங்களில் காப்பாற்றியது பெகரங்கன்தான். தென்னை, வாழை, பலா, மெலிஞ்சோ, மரவள்ளி, இஞ்சி, மஞ்சள் எல்லாம் ஒன்றன் நிழலில் ஒன்றாக அங்கே வளரும். கோழிகளும் ஓர் ஆடும் அங்கேயே மேயும். யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே உள்ள ஸ்ரீஹர்ஜோ ஊரைப் பற்றி மஸ்ரி சிங்கரிம்புன், டேவிட் பென்னி ஆகியோர் எழுதிய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. 0.7 ஹெக்டேர் நன்செய்யும் 0.3 ஹெக்டேர் தோட்டமும் இருந்தால் ஒரு குடும்பம் குறையில்லாமல் வாழலாம் என்பது அவ்வூராரின் கணக்கு. அந்த அளவு நிலம் வைத்திருந்தவர்கள் ஊரில் மிகச் சிலரே.

மரச்சட்டங்களைப் பூட்டிக் கட்டிய பழைய ஜாவா வீட்டைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்தலாம். தேக்குத் தூண்கள் கொண்ட ஜோக்லோ வீடு தூண் தூணாகப் பிரிக்கப்பட்டு விலைக்குப் போவது இன்றும் நடக்கிறது. ஆகவே வழக்காற்றில் வீடு ஒருவருக்கும் மனை வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். மரம் ஒருவருக்கும் அது நிற்கும் மண் மற்றவருக்கும் உரியதாகலாம். மனையில்லாதவர் வசதியானவரின் தோட்டத்து மூலையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பது இப்படித்தான் சாத்தியமாயிற்று. மாகெர்சாரி எனப்படும் அவர்கள் வாடகை தருவதில்லை. மனைக்காரர் வீட்டு விசேஷத்தில் விறகு பிளப்பது, நீர் சுமப்பது, நடவுக்குப் போவது எனக் கைவேலையால் கடனைத் தீர்ப்பார்கள்.

ஊருக்குள் படிநிலை முன்பு கறாராக இருந்தது. வயல், மனை, வீடு மூன்றும் உடையவர் முழுக்குடி. இடத்துக்கு இடம் அவரை கோகோல், சிகெப், குலி கென்செங் என்பார்கள். ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கே குரல் இருந்தது. சாலை, வாய்க்கால் ஊழியமும் அவர் மேல்தான். அடுத்து, மனையும் வீடும் மட்டும் உடையவர். கடைசியில் எதுவுமில்லாதவர். தலைவரான லூரா, எழுத்தரான சாரிக், நீர் பங்கிடும் உலு-உலு, சமயக் காரியம் பார்க்கும் மோடின், காவல் பார்க்கும் ஜாகாபாயா ஆகியோருக்கு நெடுங்காலம் சம்பளம் இருந்ததில்லை. பதவியில் இருக்கும்வரை பெங்கோக் எனப்படும் மானிய நிலத்தை உழுது அனுபவிக்கலாம். ஊரின் நல்ல வயல்களில் ஒரு பங்கு இப்படிப் பதவியோடு கட்டப்பட்டிருந்தது. தலைவர் தேர்தலில் பணம் இறைபடுவதற்கு ஒரு காரணம் இதுவே.

சாசன காலமும் மாதாராமும்

ஜாவாவின் நில உரிமை பற்றிய பழைய சான்றுகள் 9, 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும். அரசர் ஓர் ஊரையோ வயலையோ வரியிலிருந்து விடுவித்து, அதன் வருவாயைக் கோயிலுக்கோ மடத்துக்கோ அளிப்பது சீமா எனப்பட்டது. ஊர் மூத்தோரும் அக்கம்பக்கத்து ஊராரும் சாட்சிகளாக அமர, சடங்கு செய்பவர் கல்லின் மேல் முட்டையை எறிந்து உடைப்பார், கோழியின் கழுத்தை அறுப்பார். இத்தானத்தை மீறுபவன் இப்படியே அழிவான் எனச் சாபமிடுவார். பிறகு விருந்து. தானத்தைப் பொறித்த அளவுக்கு உழுதவன் உரிமையை அந்த ஏடுகள் பொறிக்கவில்லை. அவனைப் பற்றி அவற்றிலிருந்து தெரிவது குறைவு.

பிற்கால மாதாராம் அரசில் நிலம் முழுவதும் மன்னருடையது என்பது கொள்கை. அவர் அதன் வருவாயை உறவினருக்கும் அதிகாரிகளுக்கும் லுங்குஹ் என்ற பெயரில் பிரித்துக் கொடுத்தார். கணக்கு நிலத்தின் அளவில் இல்லை. சாசா என்ற குடித்தன அலகில் இருந்தது. ஆள் குறைவாகவும் காடு நிறையவும் இருந்த காலம் அது. நிலத்தைவிட உழும் கைகளே செல்வம். கொடுமை தாங்காத உழவர் இரவோடிரவாக வேறு பிரபுவின் எல்லைக்கு ஓடிப்போக முடிந்தது. 1755-இல் கியாந்தி உடன்படிக்கை மாதாராமை சுராகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிரித்தபோதும் இம்முறை நீடித்தது. அந்த அரசுகளில் லுங்குஹ் ஒழிந்தது 1910-களில்தான்.

மதராசின் வரி முறை

1811-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து ஜாவாவைக் கைப்பற்றினர். துணை ஆளுநர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் கொண்டுவந்த நிலவரிக்குப் பின்னால் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792 முதல் பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், உருவாக்கிய, உழவரோடு நேராக வரி தீர்மானிக்கும் ரயத்துவாரி முறையை ராஃபிள்ஸ் அறிந்திருந்தார். ஜாவாவின் நில உரிமைகளை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் காலின் மெக்கன்சி. மதராசில் நில அளவைத் தலைவராக இருந்து, தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய அதே மெக்கன்சிதான்.

முதலில் ஊர்த் தலைவரோடும் 1814 முதல் ஒவ்வொரு உழவரோடும் நேராக வரி தீர்மானிக்க உத்தரவாயிற்று. நன்செய் விளைச்சலில் தரத்துக்கேற்பப் பாதி, ஐந்தில் இரண்டு, மூன்றில் ஒன்று என்பது அதன் வீதம். ஆனால் வயல்களை அளக்க ஆளும் இல்லை, காலமும் இல்லை. கடைசியில் ஊருக்கு ஒரு தொகை போட்டு, அதைப் பங்கிடும் வேலையைத் தலைவரிடமே விட்டார்கள். உழவரைத் தலைவரின் பிடியிலிருந்து விடுவிக்க வந்த திட்டம், அந்தப் பிடியை இறுக்கியதோடு முடிந்தது. 1816-இல் திரும்பி வந்த டச்சுக்காரர் இந்த வரியை வைத்துக்கொண்டனர்.

கட்டாயச் சாகுபடி

ஜாவா கிராமத்தை இன்னும் ஆழமாக மாற்றியது 1830-இல் ஆளுநர் ஜெனரல் யோஹன்னஸ் ஃபான் டென் பாஸ் தொடங்கிய கட்டாயச் சாகுபடி முறை. ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசு கேட்கும் கரும்பு, அவுரி போன்றவற்றைப் பயிரிட வேண்டும். நிலமில்லாதவர் ஆண்டுக்கு 66 நாள் உழைப்புத் தர வேண்டும். இது ஏட்டில் இருந்தது. நடைமுறையில் பல ஊர்களில் இரண்டு எல்லைகளுமே மீறப்பட்டன. விளைச்சல் கூடக் கூட டச்சு அதிகாரிகளுக்கும் ஜாவானியப் பிரபுக்களுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் தரகு கிடைத்ததால், மீறலைத் தடுக்க யாருக்கும் அக்கறை இல்லை. 1849, 1850-இல் டெமாக், குரோபோகான் பகுதிகளில் பஞ்சம் வந்து ஊர்கள் காலியாயின. நெதர்லாந்தின் கருவூலமோ 1831-இலிருந்து 1877 வரை 82.3 கோடி கில்டர் பெற்றது. அந்நாட்டின் கடன் அடைந்ததும் ரயில் பாதைகள் நீண்டதும் இந்த உழவரின் முதுகில்தான்.

கட்டாய ஊழியம் வயல் வைத்திருப்பவர் மேல் விழுந்தது. எனவே வயலைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் சுமையும் பலருக்குப் பிரியும். அதிகாரிகளுக்கும் அதிகக் கைகள் வேண்டியிருந்தன. ஆகவே பல பகுதிகளில் தனியார் வயல்களும் ஊர்ப் பொதுவில் சேர்க்கப்பட்டு, முழுக்குடிகளிடையே பங்கிடப்பட்டன. சில ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்கு மாறியது. இந்தப் பங்கு வயலை வெளியாருக்கு விற்க முடியாது. ஊழியம் செய்யத் தவறினால் பங்கு பறிபோகும். 1868, 1869-இல் 808 ஊர்களில் நில உரிமைகளை விசாரித்த அரசு அறிக்கை, தனியுடைமையும் பங்குடைமையும் ஊருக்கு ஊர் எப்படிக் கலந்து கிடந்தன என்பதைக் காட்டியது. இருந்தும் ஐரோப்பிய எழுத்தாளர்கள் பலர், ஜாவா கிராமம் ஆதிகாலப் பொதுவுடைமைச் சமூகம் என்றே நம்பினர். பின்னாளில் யான் பிரேமன், ராபர்ட் எல்சன், பீட்டர் போம்கார்ட் போன்ற ஆய்வாளர்கள் இந்தச் சித்திரத்தைக் கலைத்தார்கள். ஊர்க் கட்டுக்கோப்பில் பழமை உண்டுதான். ஆனால் ஒரே அச்சில் வார்த்த பொதுநிலக் கிராமம் பெரும்பாலும் வரியும் ஊழியமும் உருவாக்கியது.

1870-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் கட்டாயத்தைப் படிப்படியாக விலக்கித் தனியார் முதலுக்கு வழிவிட்டது. உள்நாட்டார் நிலத்தை அயலார் வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். கரும்பாலைகள் ஊர் வயல்களை முறைவைத்து எடுத்தன. ஆலைக் கரும்புக்குப் பகல் நீர், உழவர் நெல்லுக்கு இரவு நீர் என வாய்க்கால்கூடப் பிரிந்தது. அதே ஆண்டின் அறிவிப்பு ஒன்று, உரிமை நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் அரசின் சொத்து என்றது. லைடன் பேராசிரியர் கார்னலிஸ் ஃபான் ஃபொலன்ஹோவன் 1919-இல் தனி நூலே எழுதி இதை எதிர்த்தார்.

அந்த அறிவிப்பின் அடியை மிகவும் உணர்ந்தது புளோராவின் தேக்குக் காட்டுப் பகுதி. வீடு கட்டவும் விறகுக்கும் மரம் வெட்டியவர்கள் ஒரே நாளில் திருடராக்கப்பட்டார்கள். அங்கே 1890 வாக்கில் சாமின் சுரோசென்டிகோ என்ற உழவர், மண்ணும் நீரும் காடும் எல்லோருக்கும் பொது என்று போதிக்கத் தொடங்கினார். அவரைப் பின்பற்றியவர்கள் வரி கட்டவில்லை, ஊர் ஊழியத்துக்குப் போகவில்லை, கை ஓங்கவும் இல்லை. அளக்க வந்த அதிகாரியின் முன் தங்கள் வயலில் படுத்து, இது எனது என்றார்கள். 1907-இல் கைதாகி நாடு கடத்தப்பட்ட சாமின் 1914-இல் சுமத்ராவின் பாடாங்கில் இறந்தார். அவர் வழிவந்தோர் இன்றும் செடுலுர் சிகெப் என்ற பெயரோடு வாழ்கிறார்கள். கெண்டெங் மலைப்பகுதியில் சிமெண்ட் ஆலை வருவதை எதிர்த்து 2016 ஏப்ரலில் உழவர் குலப் பெண்கள் ஒன்பது பேர் ஜகார்த்தா அதிபர் மாளிகை முன் தம் கால்களைச் சிமெண்டில் புதைத்து அமர்ந்தபோது, அந்தப் போராட்டத்தில் செடுலுர் சிகெப் மக்களும் இருந்தார்கள்.

1960 சட்டமும் 1965-உம்

விடுதலைக்குப் பின் 1960-இல் வந்த அடிப்படை வேளாண் சட்டம் அரசின் பழைய உரிமைக் கோரிக்கையை நீக்கி, எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே வகை உடைமை உரிமையை ஏற்படுத்தியது. மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் நன்செய்க்கு உச்சவரம்பு 5 ஹெக்டேர். நன்செய் வாரத்தில் உடையவருக்கும் உழுபவருக்கும் சரிபாதி. ஏழாண்டு ஒத்தியில் இருந்த நிலத்தைப் பணமின்றித் திருப்பித் தர வேண்டும். நல்ல சட்டங்கள், நடைமுறைதான் நத்தை வேகம். நிலக்காரர்கள் உபரியை உறவினர் பெயருக்கு மாற்றினார்கள். பொறுமை இழந்த உழவர்கள், கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைந்த உழவர் சங்கத்தின் துணையோடு கிளாத்தென் முதலிய இடங்களில் தாமே வயலில் இறங்கினர். எதிர்ப்பக்கத்தில் தேசியக் கட்சி நிலக்காரர்களும் சமயப் பள்ளிகளைச் சார்ந்த இளைஞர் அமைப்புகளும் திரண்டனர். 1965 அக்டோபரில் இராணுவம் கை ஓங்கியதும் தொடங்கிய படுகொலையில் நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். நடு, கிழக்கு ஜாவா ஊர்களில் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பல இடங்களில் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள். பங்கு பெற்ற நிலம் பலரிடமிருந்து பிடுங்கப்பட்டது. அதன்பின் முப்பதாண்டுக் காலம் நிலச்சீர்திருத்தம் என்று வாய்திறந்தவர் மேல் கம்யூனிஸ்ட் முத்திரை விழுந்தது.

அறுவடை

பழைய வழக்கில் ஒரு வயல் பழுத்தால் அறுக்க யார் வேண்டுமானாலும் வரலாம். பெண்கள் அனி-அனி என்ற சிறு கத்தியை உள்ளங்கையில் மறைத்து, கதிர் கதிராகக் கொய்வார்கள். நெல்லின் தேவி ஸ்ரீ அஞ்சிவிடக் கூடாதென்பது நம்பிக்கை. அறுத்ததில் ஒரு பங்கு, பாவோன், அவர்களுக்கு. உடையவர் வீட்டு உறவுக்காரிக்குப் பங்கு சற்றுத் தாராளமாக விழும். நிலமில்லாத குடும்பம் ஆண்டின் அரிசியைத் தேடிக்கொண்டது இந்த வழியில்தான். இப்படி இருப்பதைப் பகிர்ந்து எல்லோரும் ஏழைகளாக வாழ்ந்தார்கள் என்று கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-இல் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. மனதைக் கவரும் விளக்கம். ஆனால் பகிர்ந்தவருக்கும் பங்குக்குக் காத்திருந்தவருக்கும் இடையே இருந்த தூரத்தை அது சிறிதாக்கிவிட்டது.

அந்தப் பகிர்வும் 1970-களில் குலைந்தது. குட்டைத் தண்டு கொண்ட புதிய நெல் வகைகளுக்கு அரிவாளே தோது. நிலக்காரர்கள் நின்ற பயிரைத் தெபாசான் முறையில் வியாபாரிக்கு விற்றார்கள். அவர் தன் ஆட்களோடு வந்து அறுத்து, கூலியைப் பணமாகக் கொடுத்தார். வேறு இடங்களில் கெடோகான் பரவியது: நடவும் களையெடுப்பும் கூலியின்றிச் செய்தவருக்கே அறுவடையில் இடம். சிற்றாலைகள் வந்ததும் உலக்கை பிடித்து அரிசி குத்திய பெண்களின் வேலை சில ஆண்டுகளில் மறைந்தது. 1984-இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது பெரும் சாதனை. அதன் விலையில் ஒரு பகுதியை இந்தப் பெண்கள் கொடுத்தார்கள்.

பாகமும் பட்டாவும்

ஜாவானிய வழக்கில் மகளுக்கும் நிலம் உண்டு. பல குடும்பங்கள் சரிபங்கு தரும். சில, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கைப் பின்பற்றும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பிரித்துக் கொடுப்பதும், வயதான காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பெரும்பாலும் கடைசிப் பிள்ளைக்கு, வீட்டை விடுவதும் வழக்கம். மனைவி பிறந்த வீட்டிலிருந்து பெற்ற வயல் மணமுறிவிலும் அவளுக்கே. திருமணத்துக்குப் பின் இருவரும் தேடிய சொத்து கோனோ-கினி. பிரிந்தால் அது பாதி பாதியாகும்.

உரிமைக்குச் சான்றாக நெடுங்காலம் இருந்தது லூரா அலுவலகத்தில் கிடக்கும் லெட்டர் சி என்ற வரிப்பதிவேடு. தாத்தா பெயரிலேயே நிற்கும் பதிவுகள் அதில் ஏராளம். பெங்கோக் வருவாய் ஊர் நிதியில் சேர வேண்டும் என 2014-இல் வந்த விதி, ஊர் அலுவலர்களின் எதிர்ப்பால் மறு ஆண்டே தளர்த்தப்பட்டது. யோக்யகர்த்தாவில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் சுல்தானின் நில உரிமையை மீண்டும் உறுதி செய்ததால், அரண்மனை நிலத்தில் தலைமுறைகளாக வாழ்வோர் அரண்மனை தரும் அனுமதிக் கடிதத்தைக் கொண்டே குடியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் அரசு ஊர் ஊராக அளந்து பட்டா வழங்கிவருகிறது. அதில் கோனோ-கினி நிலம்கூடப் பல வீடுகளில் கணவர் பெயரில் மட்டுமே பதிவாகிறது. வழக்கு வரும்போது தன் பாதியை நிரூபிக்கும் பொறுப்பு மனைவியின் மேல் விழுகிறது.