இரவல் வாளிலிருந்து சொந்த ஈட்டி வரை: ஜப்பானிய அனிமேயில் பெண் நாயகியரின் வளர்ச்சி

ஜப்பானிய அனிமேயில் வாளேந்திய நாயகியரின் வரிசை சஃபையர் என்னும் இளவரசியிடம் தொடங்குகிறது. தெசுகா ஒசாமு 1953இல் ‘ஷோஜோ கிளப்’ என்ற சிறுமியர் இதழில் வரையத் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’ என்ற மாங்காவை (சித்திரக்கதையை), அவருடைய முஷி புரொடக்‌ஷன் நிறுவனமே 52 அத்தியாயங்கள் கொண்ட வண்ணத் தொடராக்கியது. 1967–68இல் ஃபூஜி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. சில்வர்லாந்து நாட்டில் ஆண் வாரிசுக்கே அரியணை உரியது. தேவலோகத்துக் குட்டித் தேவதை ஒன்றின் குறும்பால் ஆண் இதயம், பெண் இதயம் இரண்டையும் பெற்றுப் பிறக்கும் சஃபையர், சூழ்ச்சிக்காரர்களின் கையில் நாடு சிக்காதிருக்க இளவரசனாகவே வளர்க்கப்படுகிறாள். வாள்வீச்சில் அவள் சிறந்தவள். ஆனால் அந்தத் திறமை அவளுடைய ஆண் இதயத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. மாங்காவில் அவ்விதயம் அகற்றப்படும் இடத்தில் அவள் வாள்வீச்சும் தளர்ந்துபோகிறது. இறுதியில் அவள் அண்டை நாட்டு இளவரசனை மணக்கிறாள்.

வலிமை இரவலாகக் கிடைப்பதும், கதை முடியும் வேளையில் அதைத் திருப்பித் தந்துவிடுவதும் தொடக்ககால நாயகியருக்கு விதிக்கப்பட்ட கதைமுறை. நாயகி எத்தனை பேரை வீழ்த்தினாள் என்பதைவிட, அவளுடைய ஆற்றல் எங்கிருந்து வந்தது, கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு அது யாரிடம் தங்கியது என்ற இரண்டு கேள்விகளே அனிமே வரலாற்றைத் தெளிவாகக் காட்டுகின்றன.

சஃபையரின் ஆண் வேடத்துக்கு ஒரு மேடைப் பின்னணி உண்டு. தெசுகா சிறுவயதில் வளர்ந்த தக்காரசுக்கா நகரில், ரயில் நிறுவன அதிபர் கொபாயாஷி இச்சிஸோ 1913இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசைநாடகக் குழு ஒன்றைத் தோற்றுவித்தார். தம் ரயில் பாதையின் கடைசி ஊருக்குப் பயணிகளை வரவழைக்க அவர் கண்ட வழி அது. அக்குழுவில் ‘ஒத்தோகோயாக்கு’ எனப்படும் ராஜபார்ட் நடிகையருக்கே ரசிகைகள் அதிகம். ஆண் உடையில் மிடுக்காக நடக்கும் பெண் என்ற உருவம் ஜப்பானியச் சிறுமியரின் கற்பனைக்குள் நுழைந்தது இந்த மேடையின் வழியாகத்தான். அனிமேயில் அது திரும்பத் திரும்ப வரும்.

மந்திரமும் மைதானமும்

சஃபையருக்குச் சற்று முன்பே, 1966இல், தோயெய் நிறுவனம் யோகோயாமா மிட்சுதேருவின் ‘மாயக்காரி சாலி’யைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் அப்போது ஒளிபரப்பான ‘பிவிட்ச்ட்’ என்ற அமெரிக்கத் தொடரின் தாக்கம் இதில் வெளிப்படை. 1969இல் அக்காத்சுகா ஃபூஜியோவின் ‘அக்கோசானின் ரகசியம்’ வந்தது. சாலி பிறவியிலேயே மந்திரம் அறிந்தவள். அக்கோவோ கைக்கண்ணாடி ஒன்றின் உதவியால் உருமாறும் சாதாரணச் சிறுமி. இரண்டாவது முறையே நிலைத்தது. கண்ணாடியைப் பொம்மையாகச் செய்து விற்க முடியும் என்பதை இங்கே மறக்கலாகாது. தொடர் முடிவில் சாலி மாயநாட்டுக்குத் திரும்புகிறாள். அக்கோ கண்ணாடியின் மந்திரத்தை இழக்கிறாள். மந்திரம் சிறுமிப் பருவத்தோடு முடிந்துபோக வேண்டிய விளையாட்டு என்ற எண்ணம் இம்முடிவுகளில் உறைந்திருக்கிறது.

பொம்மை வணிகத்துக்கும் நாயகியின் ஆயுளுக்கும் உள்ள உறவை 1982இல் தொடங்கிய ‘மின்கி மோமோ’ அப்பட்டமாகக் காட்டியது. மோமோ காவலராகவும் செவிலியாகவும் விமானப் பணிப்பெண்ணாகவும் உருமாறுவாள். 46ஆம் அத்தியாயத்தில் மந்திரத்தை இழந்த அவள், பொம்மை ஏற்றிச் சென்ற லாரி மோதி இறந்துபோகிறாள். சிறுவர் தொடரில் அதற்குமுன் எவரும் எதிர்பார்த்திராத காட்சி அது. பிறகு அவள் மனிதக் குழந்தையாகப் பிறக்க, தொடர் 63 அத்தியாயங்கள் வரை நீண்டது.

மைதானத்து நாயகியர் வேறொரு நிகழ்விலிருந்து பிறந்தவர்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய மகளிர் கைப்பந்து அணி சோவியத் அணியை வென்று தங்கம் பெற்றது. அந்த இறுதியாட்டத்தின் தொலைக்காட்சிப் பார்வை விகிதம் 66.8 சதவீதம். அணியில் பெரும்பாலோர் நூற்பாலை ஒன்றின் தொழிலாளிகள். பயிற்சியாளர் தைமட்சு ஹிரோபுமியின் கடும் பயிற்சி நாடெங்கும் பேசப்பட்டது. அந்த அலையில் உரானோ சிகாகோ வரைந்த ‘அட்டாக் நம்பர் 1’ மாங்கா, 1969 முதல் 1971 வரை 104 அத்தியாயத் தொடராக ஓடியது. நாயகி ஆயுஹாரா கொசுயேயின் ஆற்றல் வானத்திலிருந்து இறங்கியதன்று. முழங்கால் சிராய்த்து, அழுது, எழுந்து சேர்த்தது. 1973இல் வந்த ‘ஏஸ் ஓ நெராயே’ டென்னிஸ் தொடரும் இவ்வகையே. இருந்தாலும் இந்நாயகியரின் தலைக்குமேல் கண்டிப்பான ஆண் பயிற்சியாளர் ஒருவர் நின்றார். இரவல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. கொடுப்பவர் மட்டும் மாறினார்.

அதே 1973இல் நகாய் கோவின் ‘க்யூட்டி ஹனி’ ஆண் பார்வையாளரைக் குறிவைத்து வந்தது. தந்தையின் கொலைக்குப் பழிவாங்கும் இயந்திரப் பெண் அவள். உருமாறும்போது உடை கிழிந்து பறக்கும். வலிமையும் உடற்காட்சியும் ஒரே உருவத்தில் கலந்த இந்தச் சிக்கல் அனிமேயை இன்றுவரை விடவில்லை.

ஆஸ்கர்

‘வெர்சாய் நோ பாரா’ இவ்வரலாற்றின் முதல் பெரிய திருப்பம். இகேதா ரியோகோ 1972–73இல் ‘மார்கரெட்’ வார இதழில் வரைந்த இம்மாங்கா, 1974இல் தக்காரசுக்கா மேடையேறிப் பெருவெற்றி கண்டது. 1979–80இல் 40 அத்தியாய அனிமேயாயிற்று. ஆண் வாரிசில்லாத தளபதி ஒருவர் கடைசி மகளுக்கு ஆஸ்கர் என்று ஆண் பெயரிட்டுப் படைவீரனாக வளர்க்கிறார். அவள் அரசி மரி அன்ட்வனெட்டின் மெய்க்காவல் படைக்குத் தலைமை ஏற்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இது சஃபையரின் கதையே. ஆனால் ஆஸ்கரிடம் இரண்டு இதயங்கள் இல்லை. அவள் பெண் என்பது எவருக்கும் மறைக்கப்படவுமில்லை. அவள் பெற்றது பயிற்சியும் பதவியும் மட்டுமே, அவற்றைக் கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்பதே கதை.

அவள் செய்தது தன் வர்க்கத்தை விட்டு வெளியேறியது. அரண்மனைக் காவலை விட்டுச் சாமானியர்கள் நிறைந்த பிரெஞ்சுக் காவற்படைக்கு மாறுகிறாள். ஊரின் பசியைக் கண்ணால் காண்கிறாள். 1789 ஜூலையில் மக்கள் பக்கம் நின்று, பாஸ்டில் கோட்டைத் தாக்குதலின்போது குண்டடிபட்டு இறக்கிறாள். மாணவர் போராட்டங்கள் ஓய்ந்த ஜப்பானில், இளம் பெண் ஒருவர் சிறுமியர் இதழில் புரட்சியை எழுதினார் என்பதை இலக்கிய வரலாற்றாளர்கள் இன்னும் போதிய அளவு வியக்கவில்லை. அத்தலைமுறையில்தான் ஹாகியோ மோத்தோ, தகெமியா கெய்கோ உள்ளிட்ட பெண் ஓவியர்கள் ஷோஜோ எனப்படும் சிறுமியர் மாங்காவின் எழுதுகோலைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். சிறுமியருக்கான கதைகளை ஆண்களே பெரும்பாலும் வரைந்த காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது. ஆஸ்கரின் அனிமேயை முதலில் இயக்கியவர் நகஹாமா தடாவோ. இடையில் பொறுப்பேற்ற தெசாக்கி ஒசாமு அதைத் துன்பியலின் கனத்துக்குக் கொண்டுசென்றார். ஆஸ்கர் தன் வாளை எவரிடமும் திருப்பித் தரவில்லை. அதற்கு அவள் கொடுத்த விலை உயிர்.

காற்றுப் பள்ளத்தாக்கும் குளியல் விடுதியும்

மியாசாகி ஹயாவோவின் ‘நௌசிகா’ 1984 மார்ச்சில் வெளியாயிற்று. அதன் வெற்றியே மறு ஆண்டு கிப்லி நிறுவனம் தோன்றக் காரணம். நௌசிகாவின் பெயர் ஹோமரின் ‘ஒடிசி’யிலிருந்து வந்தது; குணம், புழுக்களை விரும்பிய இளவரசியைப் பற்றிய ஹெய்யான் காலக் கதையிலிருந்து. மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் கலந்த பேரவலமும், அதன்பின் அங்குள்ள கடல் மெல்ல மீண்டதும் மியாசாகியின் கற்பனையைத் தூண்டின. நச்சுக் காடு நிலத்தைத் தூய்மை செய்கிறது என்பதை நிலவறைச் சோதனைச் செடிகளின் மூலம் கண்டறிபவள் நௌசிகா. பறக்கவும் சண்டையிடவும் தெரிந்த அவளுடைய முதன்மை ஆற்றல் ஆராய்ச்சி மனமே. தந்தையைக் கொன்றவர்களை ஆத்திரத்தில் வெட்டி வீழ்த்திய தன் கைகளைக் கண்டு அவள் நடுங்குவது, அனிமேயில் வலிமை தன்னையே கேள்வி கேட்டுக்கொண்ட அரிய இடங்களுள் ஒன்று.

வேலைவாய்ப்பில் ஆண், பெண் சமத்துவத்துக்கான சட்டம் ஜப்பானில் 1985இல் நிறைவேறி 1986 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கிப்லி நாயகியர் பலர் உழைப்பவர்களாக இருப்பதை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். ‘கிக்கி’யின் (1989) சிறுமி புதிய ஊரில் பொருள் கொண்டுசேர்க்கும் தொழில் தொடங்கி, களைப்பில் பறக்கும் திறனையே சில நாள் இழக்கிறாள். தகஹாதா இசாவோவின் ‘ஒமோஹிதே போரோபோரோ’வில் (1991) 27 வயது அலுவலக ஊழியை தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். ‘மோனோநோக்கே’யில் (1997) எபோஷி அடிமைத்தளையிலிருந்து மீட்ட பெண்கள் இரும்புலையில் துருத்தி மிதிக்கிறார்கள். காட்டைக் காக்கும் சானும் காட்டை அழிக்கும் எபோஷியும் ஒரே படத்தில் எதிரெதிரே நிற்க, இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. முடிவில் சான் நாயகனை நேசித்தும் மனிதரை மன்னிக்க மறுத்துக் காட்டுக்கே திரும்புகிறாள். திருமணத்தில் முடிந்த சஃபையரின் கதையிலிருந்து இது வெகு தூரம். 2001இல் வந்த ‘சென் தோ சிஹிரோ’வின் பத்து வயதுச் சிறுமியிடம் வாளோ மந்திரமோ இல்லை, குளியல் விடுதியில் தரை துடைத்தே தன் பெயரையும் பெற்றோரையும் மீட்கிறாள். ஜப்பானில் 3,000 கோடி யென்னுக்கும் மேல் வசூலித்த இப்படம் 2003இல் ஆஸ்கர் விருதும் பெற்றது.

குழுவாக வந்தவர்கள்

தகேயுச்சி நவோகோவின் ‘சைலர் மூன்’ 1992 மார்ச் முதல் 1997 பிப்ரவரி வரை 200 அத்தியாயங்கள் ஓடியது. ஐந்து பேர் கொண்ட சாகசக் குழு என்ற ஆண்பிள்ளைகளின் தொலைக்காட்சி மரபை மந்திரச் சிறுமி மரபோடு இணைத்தது அதன் புதுமை. அதுவரை ஐவர் குழுவில் ஒருத்திக்கோ இருவருக்கோதான் இடம். விமர்சகர் சைத்தோ மினாகோ 1998இல் எழுதிய நூலில், ஆண்கள் பலருக்கு நடுவே ஒற்றைப் பெண்ணை நிறுத்தும் இப்பழக்கத்தை எள்ளலோடு பிரித்துக் காட்டினார். சைலர் மூனில் குழு முழுதும் பெண்கள். அழுமூஞ்சியும் சோம்பேறியுமான உசாகிதான் தலைவி. அவள் எதிர்கால அரசி, தாய், போராளி மூன்றுமாக இருக்கிறாள். மந்திரத்தைத் துறக்குமாறு கதை அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஹாருகா, மிசிரு இருவரின் காதலை வட அமெரிக்க மொழிமாற்றம் உறவுமுறைச் சகோதரிகளின் பாசமாக மாற்றியது. ஹாருகாவின் ஆண் உடைத் தோற்றத்தில் தக்காரசுக்காவின் சாயல் தெளிவாகவே தெரிகிறது.

சைலர் மூனில் பணியாற்றிய இகுஹாரா குனிஹிகோ 1997இல் ‘உதேனா’வை 39 அத்தியாயங்களில் இயக்கினார். தன்னைக் காப்பாற்றிய இளவரசனை மணக்க எண்ணாமல், தானே இளவரசனாக விரும்பும் மாணவி உதேனா. வாட்போரில் வெல்பவருக்கு ‘ரோஜா மணமகள்’ ஆன்தி பரிசாகிறாள். பெண்ணைப் பரிசாக்கும் ஆட்டத்தில் நல்ல இளவரசனும் ஓர் ஆட்டக்காரனே என்று தொடர் மெல்ல மெல்லத் தோலுரிக்கிறது. கடைசியில் உதேனா தோற்று மறைகிறாள். ஆன்தியோ பள்ளி வாயிலைக் கடந்து அவளைத் தேடிப் புறப்படுகிறாள். தெசுகா தொடங்கிய வாதத்துக்கு அனிமே தந்த ஆழமான பதில் இதுவே என்று கொள்வதில் தவறில்லை.

இதே ஆண்டுகளில் வேறொரு ஓட்டமும் இருந்தது. வீடியோ சந்தைக்கென 1980களில் பெருகிய ஆக்கங்கள் ஆண் ரசிகர்களுக்குப் போர்க்களச் சிறுமியரை வழங்கின. அன்னோ ஹிதேயாகியின் ‘தொப்பு ஓ நெராயே’ (1988) பழைய டென்னிஸ் தொடரின் தலைப்பையும் பயிற்சிக் கதையையும் விண்வெளிக்கு ஏற்றிய கலவை. ஒஷீ மமோருவின் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ (1995) நாயகி குசனாகி, தன் உடலே அரசுத் துறையின் சொத்தாக இருக்கும்போது ‘நான்’ யார் என்று கேட்கிறாள். இரவல் வலிமை இங்கே மெய்யியல் சிக்கலாகிவிடுகிறது. மனநல மருத்துவர் சைத்தோ தமாகி 2000இல் வெளியிட்ட நூலில், இத்தகைய போராடும் அழகியரை ‘ஒத்தாக்கு’ எனப்படும் தீவிர ரசிகர்களின் வேட்கையோடு பொருத்தி ஆராய்ந்தார். அவர் வாதம் ஆண் பார்வையாளரை நன்கு விளக்குகிறது. சைலர் மூன் பார்த்து வளர்ந்த சிறுமியரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஈட்டிக்காரி

2004இல் தொடங்கிய ‘ப்ரீக்யூர்’ வரிசையின் தயாரிப்பாளர் வாஷியோ தகாஷி, பெண்பிள்ளைகளுக்கும் துள்ளிச் சண்டையிடும் ஆசை உண்டு என்பதை அடிப்படையாக வைத்தார். ‘டிராகன் பால்’ தொடர்களில் பணியாற்றிய நிஷியோ தைசுகே முதல் தொடரை இயக்கினார். மந்திரக்கோலை முன்னிறுத்தாமல் கையாலும் காலாலும் அடிக்கும் சிறுமியர் ஞாயிறு காலைக்கு வந்தார்கள்.

2007இல் கமியாமா கெஞ்சி இயக்கிய ‘மொரிபித்தோ’வின் பல்சா இன்னும் அரிதான நாயகி. மானிடவியலாளர் உவேஹாஷி நஹோகோவின் நாவலில் பிறந்த இவளுக்கு வயது முப்பது. தொழில், கூலிக்குக் காவல் காப்பது. தன்னைக் காக்க நேர்ந்த எட்டுக் கொலைகளுக்கு ஈடாக எட்டு உயிர்களைக் காப்பதாக உறுதி பூண்டவள். ஈட்டி அவளுடையது, கற்றதும் உழைத்ததும் அவளுடையவை. சிறுமியரையே நாயகியாக்கிப் பழகிய ஊடகத்தில் முப்பது வயதுப் பெண்ணுக்கு 26 அத்தியாயங்கள் கிடைத்தது வயது பற்றிய ஒரு தடையை உடைத்தது. 2011இல் ‘மதோக்கா மாகிகா’ மந்திர ஒப்பந்தத்தையே மோசடியாகக் காட்டி, இரவல் ஆற்றலின் வட்டி என்ன என்று கேட்டது. 2023இல் வந்த ‘ஃப்ரீரென்’, அசுர மன்னன் வீழ்ந்து சாகசம் முடிந்த பிறகு வாழும் மந்திரக்காரியின் கதை.

திரைக்குப் பின்னால் மாற்றம் இதைவிட மெதுவாகவே நடந்தது. 1957இல் தோயெய் அனிமேஷன் கூடத்தில் சேர்ந்த ஒகுயாமா ரெய்கோ, மணமானால் பெண் வேலையை விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மீறி, குழந்தை பிறந்த பிறகும் வரைந்துகொண்டிருந்தார். 2019இல் ‘நட்சுசோரா’ தொலைக்காட்சித் தொடரின் நாயகிக்கு அவர் வாழ்க்கை தூண்டுதலாயிற்று. ஆனால் நௌசிகா, உதேனா, பல்சா ஆகிய மூவரையும் திரையில் இயக்கியவர்கள் ஆண்களே. யமதா நவோகோ, ஒகாதா மாரி போன்ற பெண் இயக்குநர்கள் பெரும் திரைப்படங்களுக்குப் பொறுப்பேற்றது 2010களில்தான். 2025 ஜனவரியில் ‘வெர்சாய் நோ பாரா’ மீண்டும் அனிமே திரைப்படமாக வந்தபோது அதன் இயக்குநர் யோஷிமுரா அய் என்ற பெண்.