பந்தை ஏந்தாத வீரரை அளப்பது எவ்வாறு?

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தாக்குதல் வரிசையில் நிற்கும் ஐவர் பந்தை ஏந்தி ஓடுவதில்லை. எதிரணியினரைத் தடுத்து, பந்தை எறியும் குவாட்டர்பக்கைக் காப்பதும் ஓடுபவருக்கு வழி திறப்பதுமே அவர்களின் பணி. ஆகையால், இவ்வரிசைக்கு வரும் புதுமுகத்தை மதிப்பிட இரசிகர்களுக்குப் புள்ளிக்கணக்கு உதவுவதில்லை. உடலைப் பார்த்தே ஆரூடம் கூறுகின்றனர்.

1989 ஆம் ஆண்டின் வீரர் தெரிவு இதற்குச் சான்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரொனி மண்டரிச்சை, ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேற்றட் சஞ்சிகை அட்டைப்படத்தில் வெளியிட்டுக் கொண்டாடியது. கிறீன் பே பக்கேர்ஸ் அணி அவரை இரண்டாவதாகத் தெரிவு செய்தது. முதல் ஐவரில் ஏனைய நால்வரான ட்ரோய் எய்க்மன், பரி சான்டர்ஸ், டெரிக் தோமஸ், டியோன் சான்டர்ஸ் ஆகியோர் பின்னாளில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். மண்டரிச்சோ அவ்வணிக்காக மூன்று பருவகாலங்களே ஆடினார். 1996 இல் இன்டியானாபொலிஸ் அணியில் மீண்டும் களமிறங்கினார். கல்லூரிக் காலத்தில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2008 இல் ஒப்புக்கொண்டார். இரசிகர்கள் வியந்த உடலின் இரகசியம் அதுவே.

இதற்கு மாறானது ஜோர்டன் மைலாட்டாவின் கதை. அவுஸ்திரேலியாவில் றக்பி லீக் ஆடிய அவர், அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டி ஒன்றிலேனும் ஆடாத நிலையில், 2018 இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியால் 233 ஆவதாகத் தெரிவானார். அவரும் பேருடல் கொண்டவரே. ஆயினும், பயிற்றுநர் ஜெஃப் ஸ்ரௌட்லண்டிடம் பாடங்கேட்டு, 2020 இலேயே முதன்முதலாகப் போட்டியில் ஆடினார். 2025 பெப்ரவரியில் சுப்பர் போல் கிண்ணம் வென்ற அணியின் இடப்புற டக்கிள் அவரே.

தெரிவு நாளன்றே தீர்ப்பெழுதியோர் இருவர் விடயத்திலும் தவறினர். நிறையைத் தராசு சொல்லிவிடும். கற்கும் திறனை அறியப் பொறுமை வேண்டும்.