ஏரிப்படுகையில் எழுந்த நகர்

வீடு பழுதானால் இடித்துக் கட்டலாம். மனை விலைக்குக் கைமாறலாம். ஆனால் ஒரு குடியிருப்பை வகுக்கும்போது முதன்முதலிற் கீறப்படும் வீதியும், அதனிடையே ஒதுக்கப்படும் பூங்காவும் பல தலைமுறைகளுக்கு நிலைத்துவிடுகின்றன. கலியாணச் சேலை வாங்கச் சென்னைக்குச் செல்லும் ஈழத்தவர் நன்கறிந்த தியாகராய நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இன்று கடைகள் நெருங்கிக் கிடக்கும் அவ்விடம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நீர்ப்பரப்பின் ஓரமாக இருந்தது. ஈழத்தில் நாம் குளம் என வழங்குவதைத் தொண்டை நாட்டார் ஏரி என்பர். சென்னையின் மேற்கெல்லையில், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் ஆகிய ஊர்களுக்குரிய ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்ந்து நீண்டு கிடந்தன. ஆங்கிலேயர் அதனை நெடுங்குளம் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதற்கப்பால் மாம்பலம் ஒரு சிற்றூராக விளங்கியது.

நகர அமைப்பென்னும் கலை சென்னையிற் பேசப்படத் தொடங்கியது முதலாம் உலகப்போர்க் காலத்திலாகும். ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். அவர் திரட்டிய நகர அமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் சேர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அவர் மனந்தளரவில்லை. புதிதாகத் திரட்டப்பெற்ற படங்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டு சென்னையிலே கண்காட்சியை நடத்தினார். தென்னாட்டு நகரங்களைப் பற்றிய தம் அறிக்கைகளில் அவர் வற்புறுத்திய கருத்துக்களுள் ஒன்று, குளங்களைத் தூர்த்தலாகாது என்பது. குளம் வெப்பத்தைத் தணிக்கும். பெருமழை நீரை ஏற்கும். நுளம்புக்கு அஞ்சுவோர் அதிலே மீனையும் வாத்தையும் வளர்க்கலாம் என்றார்.

ஆயினும் சென்னையின் குடித்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்துவிட்டது. குடியிருக்க நிலம் வேண்டியிருந்தது. 1920ஆம் ஆண்டு சென்னை மாகாண நகர அமைப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே நீதிக்கட்சி ஆட்சிப்பீடம் ஏறியது. அடுத்த ஆண்டு பனகல் அரசர் முதலமைச்சரானார். 1923ஆம் ஆண்டில் ஏரிநீர் வடிக்கப்பட்டு, மாம்பலம் குடியமைப்புத் திட்டம் உருப்பெறலாயிற்று.

திட்டத்தின் நடுநாயகமாகப் பூங்கா ஒன்று அமைந்தது. சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரிவதுபோல அதனருகிலிருந்து அகன்ற வீதிகள் சென்றன. அவற்றிற் கிளைத்த சிறுவீதிகளில் மனைகள் வகுக்கப்பட்டன. பூங்கா பனகல் அரசர் பெயரைப் பெற்றது. நகரோ 1925ஆம் ஆண்டு காலமான நீதிக்கட்சித் தலைவர் சேர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைத் தாங்கியது. உஸ்மான் வீதி, டொக்டர் நாயர் வீதி, கோ. நா. செட்டி வீதி, நடேசன் பூங்கா என அக்கட்சியினரின் பெயர்களும் அங்கே நிலைபெற்றன.

நடுத்தர வகுப்பினர் தோட்டத்துடன் கூடிய வீடுகளில் அமைதியாக வாழ்வதற்கென வகுக்கப்பட்ட நகர் அது. 1931ஆம் ஆண்டு கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சாரப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நகரின் அண்டை வீடாயிற்று. காலப்போக்கில் வீடுகள் கடைகளாயின. புகைவண்டி நிலையத்தையும் உஸ்மான் வீதியையும் இணைக்கும் ஒடுங்கிய அரங்கநாதன் தெரு, நாட்டிலேயே மக்கள் மிக நெருங்கும் வணிகத் தெருக்களுள் ஒன்றாயிற்று. வீடுகள் மறைந்தபோதும் பூங்கா விலைக்குப் போகவில்லை. அண்மை ஆண்டுகளிற் சுரங்க மெற்றோ வேலைக்காக அதன் ஒரு பகுதி அடைபட்டபோதுதான் அதன் நிழலின் அருமையைப் பலர் உணர்ந்தனர். 2019ஆம் ஆண்டு பாண்டி பசார் வீதியில் நடைபாதை அகலமாக்கப்பட்டு, வண்டிகளுக்கு விட்ட இடத்தின் ஒரு பங்கு நடப்போர்க்கு மீண்டது. தொடக்கத்தில் வீதியை அகலமாக வகுத்திருந்தமையாலேயே இது இயன்றது.

வீதியையும் பூங்காவையும் செவ்வனே வகுத்த திட்டம், நீருக்குரிய இடத்தை மறந்தது. ஏரி அழிந்தாலும் பள்ளம் அழியவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சி வீதி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு வீதி இன்றும் உண்டு; காண்பதற்கு ஏரிதான் இல்லை. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திலும், 2021ஆம் ஆண்டு நவம்பர் மழையிலும் மாம்பலத்து வீதிகளில் நீர் புகுந்து தேங்கியது. தன் பழைய உறுதியை எடுத்துக்காட்டி உரிமை கோருவார்போல நீர் அங்கே வந்து நிற்கின்றது.

இது அயல்நாட்டார் கதை என்று நேயர்கள் ஒதுக்கிவிட இயலாது. அதே கெடிஸ் 1921ஆம் ஆண்டு கொழும்பு நகருக்கும் அமைப்புத் திட்டம் எழுதினார். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் பல பின்னர் தூர்க்கப்பட்டன. 2010ஆம் ஆண்டும் 2016ஆம் ஆண்டும் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் பெருகியது. அதன்பின்னர், எஞ்சிய சதுப்பு நிலங்கள் நகரின் காவலர் எனக் கருதப்படலாயின; 2018ஆம் ஆண்டு கொழும்பு உலகின் முதலாவது ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இன்று வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ வயலும் தரவையும் மனைகளாகப் பிரிக்கப்படும்போது, மனை வாங்குவோர் வீதியின் அகலத்தைக் கேட்கின்றனர். சிலர் விளையாட்டிடத்தையும் கேட்கின்றனர். மாரியில் வெள்ளம் எவ்வழியாக வடியும் என்பதையும் கேட்பாராயின், மாம்பலத்து ஏரி ஈழத்தவருக்கும் ஒரு பாடம் புகட்டியதாகும்.