ஒரே ஆள், நான்கு உத்தியோகம்: பெரிய கங்காணியின் கதை

வேலைச்சோர்வு என்பது நோயன்று, தொழிலோடு பிணைந்த ஒரு நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வரையறுத்தது. பெரும்பாலும் அலுவலக ஊழியரை மனத்திற்கொண்டே இச்சொல் பேசப்படுகிறது. யார் எதற்குப் பொறுப்பு என்பது குழம்பி, நியாயமும் இல்லாதொழிந்தால் உழைப்பவர் கதி என்ன என்பதற்கு நமது மலையகத் தோட்டங்களே சான்று.

தமிழகக் கிராமத்தில் ஆள் சேர்த்தவர் பெரிய கங்காணி. வழிச்செலவைக் கடனாகக் கொடுத்தவர் அவர். தோட்டத்தில் வேலை வாங்கியவரும், துரையிடம் தொழிலாளிக்காகப் பேசவேண்டியவரும் அவரேதான். நாள்தோறும் வேலைக்கு வந்தவர்களை எண்ணி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் கிடப்பவரையும் பிரட்டுக்களத்துக்கு எழுப்பிவருவதே அவருக்கு ஆதாயம். கடன் கொடுத்தவரே மேற்பார்வையாளருமாக இருக்கையில் குறையை யாரிடம் சொல்வது?

கங்காணியை மட்டும் குற்றஞ்சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரும் தோட்டத்திடம் முற்பணம் வாங்கிய கடனாளி. வேறு தோட்டம் போகவேண்டுமாயின், கடனைத் தீர்த்தால் இந்தக் கூட்டத்தை விடுவிப்போம் என்று துரை எழுதிய 'துண்டு' வேண்டும். ஆளுக்காகப் போட்டியிட்ட தோட்டங்கள் கூடுதல் முற்பணம் கொடுத்து இழுத்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருத்தது. சுமை இறங்கியதோ தொழிலாளியின் தலையில்.

சொல்லாமல் வேலையை விட்டு ஓடினால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி சிறை. ஆனாலும் இரவோடிரவாக ஓடினார்கள். இதைச் சோம்பல் என்றும் நன்றிகேடு என்றும் துரைமார் சலித்துக்கொண்டார்கள். சிறைக்கு அஞ்சாமல் ஒருவர் ஓடுவதற்குச் சோம்பல் காரணமாகுமா!

1921 இல் துண்டு முறை சட்டவிரோதமாயிற்று. 1927 ஆம் ஆண்டின் சட்டத்தால் 1929 முதல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது: மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். கூலி இன்னதென்று முதன்முறையாகச் சட்டமே சொன்னது. ஆனால் அதே சட்டம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்புக்கு 11 சதம் குறைத்தும் எழுதியது. அவ்வேற்றுமை நீங்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

கூலி தெளிவானாலும் வேலையின் அளவு தெளிவாகவில்லை. குறித்த நிறை சேராவிட்டால் செக்ரோலில் 'அரைப்பேர்'. அதாவது அரைக் கூலி. 2021 இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியபின், பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்தது. எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்று கேட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்குச் சொல்வார்கள்.