ஆறு டப்பாவும் குன்னூர் எலிகளும்

சென்ற ஆடி மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் வேலை மாற்றலாகி எங்கள் வீட்டோடு வந்து தங்கினான். வயது 23. வந்த மறுநாளே அடுக்களையில் ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மூன்றில் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளைச் சோறும். இரண்டில் மஞ்சள் கரு நீக்கிய அவித்த முட்டை. ஒன்றில் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ். உப்பு பேருக்கு, எண்ணெய் கிடையவே கிடையாது.

"இதுக்குப் பேரு கிளீன் டயட் தாத்தா. பாடி பில்டிங் போட்டிக்குப் போறவங்க இப்படித்தான் சாப்பிடுவாங்க" என்றான்.

குழம்பு, பொரியல், கீரை, பழம் எதையும் தொடமாட்டான். அவன் பாட்டி ஒரு வாய் முருங்கைக்கீரை ஊட்டப் போனால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவான். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஐந்து மாதமாக இதே டப்பாதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு நாள் காலையில் அவன் பல் தேய்த்துத் துப்பியதில் ரத்தம் பார்த்தேன். "பிரஷ் கீறிடுச்சு" என்றான். பத்து நாள் கழித்தும் கீறிக்கொண்டேதான் இருந்தது.

அன்று சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்தேன். "உங்க காலத்துச் சாப்பாட்டுல எவனுக்காவது உடம்பு வந்திருக்கா தாத்தா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? பதில் தேடி உட்கார்ந்தேன். பேரனை மடக்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன். முடிவில் நானும் கொஞ்சம் மடங்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடற்கட்டுப் போட்டி என்று இன்று சொல்கிறோமே, அதற்குத் தந்தை என்று பெயர் பெற்றவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடலழகுப் போட்டிதான் இந்த வகையில் முதல் பெரிய போட்டி. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அதற்கு ஒரு நடுவர். பிறகு சாண்டோ இந்தியாவுக்கும் சுற்றுப்பயணம் வந்தார். நம் அப்பா, தாத்தா காலத்தில் கட்டான உடம்புக்காரரை "சாண்டோ" என்று அழைத்ததும், கையில்லாத பனியனுக்கு "சாண்டோ பனியன்" என்று பெயர் வந்ததும் அவரால்தான். அவர் தம் புத்தகத்தில் உணவைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? தனிப் பத்தியம் எதிலும் தமக்கு நம்பிக்கை இல்லை. எளிய நல்ல உணவை அளவாக, நேரத்தில், நன்றாக மென்று தின்றால் போதும் என்பதே சாரம்.

வெள்ளைக்காரர் கதை வேண்டாம் என்றால் நம் நாட்டிலேயே ஒருவர் இருந்தார். வங்காளத்தில் 1912இல் பிறந்த மனோகர் ஐச். உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. வெள்ளை அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனவர். அங்கேயும் உடற்பயிற்சியை விடவில்லை. 1952இல் லண்டனில் தம் உயரப் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால் என்று சாதாரண வங்காளிச் சாப்பாடுதான் அவருடையது. 100 வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் மறைந்தார்.

இதுவரை தேடியதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. பேரனை மடக்கியாயிற்று என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் தேகப்பயிற்சி வாத்தியாரும் நினைவுக்கு வந்தார். 1965 வாக்கில் அவரிடம் நான் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை பழகினேன். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை சுண்டல் தருவார். இன்று கொண்டைக்கடலை என்றால் நாளை பச்சைப்பயறு, அடுத்த நாள் காராமணி, அதற்கடுத்து மொச்சை. சனிக்கிழமை எள்ளுருண்டை. "செங்கல் மட்டும் இருந்தா வீடாகாதுடா. மணல் வேணும், சுண்ணாம்பு வேணும், தண்ணியும் வேணும்" என்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

இந்த மகிழ்ச்சி குன்னூர் கதைக்கு வந்ததும் கொஞ்சம் குறைந்தது.

1970களில் மூன்று ஆண்டு நான் குன்னூரில் வேலை பார்த்தேன். சிம்ஸ் பூங்காவை ஒட்டி பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. நாய்க்கடி மருந்துக்குப் பெயர் போன இடம் என்று மட்டும் நினைத்து தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன். அங்கே ஓர் அறையில்தான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஓரறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் 1920களில் ஒரு வேலை செய்தார். ஒரே வயது எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு, ஒன்றுக்குப் பட்டாணியர் உணவு, ஒன்றுக்கு மராட்டியர் உணவு, ஒன்றுக்கு வங்காளியர் உணவு, ஒன்றுக்குச் "சென்னைக்காரர்" உணவு என்று வைத்தார். எந்த எலி நன்றாக வளர்ந்தது? சீக்கியர் உணவு தின்றதுதான் முதலிடம். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம், எப்போதாவது கறி என்பது அந்த உணவு. கடைசி இடம் யாருக்கு? நமக்குத்தான். தீட்டிய அரிசிச் சோறே பெரும்பகுதி. பருப்பும் காயும் பாலும் தொட்டுக்கொள்ளும் அளவு. அந்த எலிகள் வளர்ச்சி குன்றிப்போயின.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. "எங்கள் காலம் எங்கள் காலம்" என்று பேசுகிறோமே, அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் வாத்தியாரின் சுண்டல் முறை இருந்தது? மில் வந்தபின் கைக்குத்தல் அரிசி போனது. சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் ஏழை உணவு என்று ஒதுக்கப்பட்டன. மலை மலையாய் வெள்ளைச் சோறு, அதன் மேல் நீர்த்த குழம்பு. என் அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு மீந்த சோற்றில் மோர் ஊற்றி ஊறுகாயோடு முடித்துக்கொள்வார். அதுவும் ஒரு வகையில் தினமும் ஒரே டப்பாதான். பணத்தால் வந்தது ஒன்று, பிடிவாதத்தால் வந்தது இன்னொன்று. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதற்கு முன்பே ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிட்டைக் கொடுத்ததும் எழுவதையும் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசும் பெற்றார். முட்டைக்கும் ஒரு கதை உண்டு. 1927இல் லண்டனில் போவாஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் எலிகளுக்குப் பச்சை வெள்ளைக்கருவை முக்கிய உணவாகக் கொடுத்துப் பார்த்தார். முடி உதிர்ந்தது, தோல் புண்ணானது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள் பயோட்டின் என்ற சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது; வேகவைத்தால் அந்த வலு போய்விடும் என்பது பின்னால் தெளிவானது. அந்தச் சத்து நிறைய இருப்பது நாம் தூக்கி எறியும் மஞ்சள் கருவில்.

அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும். தனியாக விட்டால் எந்த நல்ல உணவும் ஒரு குறையோடுதான் நிற்கும். கோழிக்கறி கெட்டதல்ல, முட்டையும் கெட்டதல்ல. அவற்றைத் தனியாக விட்டதுதான் தப்பு.

பேரனிடம் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. "சென்னைக்கார எலிதான் கடைசிடா" என்று நம் தோல்வியிலிருந்து ஆரம்பித்தேன். அவன் சிரித்துவிட்டான். மறுநாள் என்னோடு டாக்டரிடம் வரவும் சம்மதித்தான். டாக்டர் ஈறுகளைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஆறு டப்பாவையும் அவன் ஒப்பித்தான். "இதுல எதுலயுமே வைட்டமின் சி இல்லையேப்பா. அந்தக் காலத்துல மாசக்கணக்கா பிஸ்கட்டும் உப்புக்கறியும் தின்ன கப்பல்காரங்களுக்கு வர்ற வியாதி இது" என்றார். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளி மாலுமிகளில் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து, அவர்கள் மட்டும் சில நாளில் எழுந்து நின்றதைக் கண்டார். 270 ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம், படித்த பிள்ளை இருக்கும் என் வீட்டுக்குள் வர இத்தனை நாள் ஆயிற்று.

மாத்திரையோடு நெல்லிக்காய், கொய்யா, கீரை சேர்ந்தன. மூன்று வாரத்தில் ஈறு சரியாயிற்று. டப்பா இன்னும் ஆறுதான். அதை அவன் விடவில்லை. ஆனால் நிரப்புவது பாட்டி. திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் மீன், புதன் பச்சைப்பயறு, முட்டை முழுசாக. வாத்தியார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நானும் காலையில் இட்லி, இரவில் இட்லி என்று இருந்ததை மாற்றிக்கொண்டேன். தனியாக இருக்கும் நம் வயதினர் பலர் ரசம் சோற்றிலும் ரொட்டித் துண்டிலும் நாளை ஓட்டுகிறோம். குன்னூர் எலிகளை நினைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு கீரையாவது வாங்குங்கள்.